கட்டாது

என் நைனாவை இன்னொருவன் அடிப்பதை நான் முதலில் பார்த்தது மஸ்கட்டில், லாண்டரியில், இரண்டு அங்கிகளுக்கு நடுவே. ஒன்றை இஸ்திரி போட்டு மடித்துவிட்டு அடுத்ததை விரித்திருந்தேன். செல்லை எடுத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். செஞ்சியில் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே ஒரு கேமரா மாட்டிவிட்டு வந்திருந்தேன். அதில் தெரிகிற கட்டிலும் சுவரும் நைனாவும்தான் அப்போதெல்லாம் எனக்கு ஊர்.

நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள விழுப்புரத்து ஏஜென்சி ஒன்று அனுப்பியிருந்த ஆள், ஈரத்துண்டால் அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நைனா ஏதோ கத்தினார். கையை இழுத்தார். அவன் விடவில்லை. நைனா குனிந்து அவன் முன்கையைக் கவ்வினார். அவன் ஓர் அறை விட்டான். நைனா வாயை எடுக்கவில்லை. இன்னொரு அறை. மூன்றாவது அறையில் கட்டிலில் சாய்ந்தார். அவன் அவர் மார்பில் முழங்காலை ஊன்றி இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்தான். நான் சத்தத்தை ஏற்றி, கேட்கிற காதில் செல்லை வைத்தேன். நைனாவின் குரல். "கட்டாத... கட்டாத..."

கருகல் வாசனை வந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். வெள்ளை அங்கியின் முதுகில் இஸ்திரிப் பெட்டி தன் உருவத்தைப் பழுப்பாக வைத்துவிட்டிருந்தது.

கட்டுகிறான் என்று முடிவு செய்தேன். கேமராவுக்குத் தெரியாத இடத்தில் அவரைக் கட்டிப்போடுகிறான். கட்டாதே என்று கெஞ்சுகிறார். எனக்கு ஒரு எண்ணம் வந்தால் அது மூன்று மாடி கட்டிக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் நைனாவின் மணிக்கட்டில் கயிறு அறுத்த புண், புண்ணில் ஈ, எல்லாம் பார்த்துவிட்டேன். சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கேட்டு லீவு வாங்கினேன். பதினைந்து நாள். பதினாறாம் நாள் காலையில் இஸ்திரி மேசை முன்னால் நான் நிற்காவிட்டால் அங்கே வேறொருவன் நிற்பான் என்று சொல்லி அனுப்பினார். அந்த வேலை போனால் வேறு வழி கிடையாது. எட்டாவதோடு நின்றவனுக்கு இஸ்திரிப் பெட்டி கிடைத்ததே பெரிது. பதினைந்து நாளுக்குள், என் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி, நைனாவை அடிக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே அவன் நிற்கிறான். பையோடு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் வருவது தெரிந்து, நைனாவை எதிர்வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"எங்க நைனாவ எதுல கட்டுன?"

"இன்னா கட்டுனேன்?"

"கயிறா, வேட்டியா? எதுல கட்டுன, சொல்றா!"

"யோவ், மரியாதையா பேசு. நான் எதுக்குய்யா கட்டணும்?"

நான் ரோட்டைக் கடக்கவே நாலு தடவை யோசிப்பவன். அதுவரை யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தேன். என் முஷ்டி அவன் கன்னத்து எலும்பில் பட்டது, வலித்தது எனக்கு. அவன் ஒரே ஒரு குத்து விட்டான். என் உதடு கிழிந்து, நின்றிருந்த திருவண்ணாமலை பஸ்ஸின் படியில் போய் விழுந்தேன். மேலே இருந்து கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"அடிச்சிக்கிறதுன்னா ஓரமா போயி அடிச்சிக்கோங்கய்யா. டயம் ஆவுது, வண்டிய எடுக்கணும்."

அவன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். முன்கையில் பல் வரிசை கறுத்து, நடுவில் சீழ் கட்டியிருந்தது.

"பாத்துக்கோ. உங்க நைனா பல்லு. அறைஞ்சேன், இல்லேன்னு சொல்லல. ஆனா கட்டல. கையத் தொட்டாலே கட்டாத கட்டாதன்னு கத்துறாரு, அதுக்கு நான் இன்னா பண்றது? உங்க வூட்ல ஒரு மொழம் கயிறு இருக்குதா? போயி தேடிப் பாரு, போ."

போய்த் தேடினேன். கட்டிலுக்கு அடியில், பரண் மேல், குளியலறையில். கயிறே இல்லை. ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.

ஒரு காலத்தில் அந்த வீட்டில் கயிறுதான் நிறைய இருந்தது. நைனா ஆட்டுத் தரகர். வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே நின்று விலை முடித்துக் கொடுப்பவர். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. ஒருவன் கையை இன்னொருவன் பிடிக்க, இரண்டு கைகளின் மேலும் துண்டைப் போட்டு மூடுவார்கள். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, எல்லாம் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது ஆட்டைப் பார்த்தாலே தெரியும். பிடித்த விலை போதாதென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். உருவாமல் இருந்தால் சம்மதம். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. நைனா முகத்தில் எதுவும் தெரியாது. வீட்டில் எங்களை அடிக்கிறபோதும் தெரியாது. என் அம்மா சாகும்வரை அந்த முகத்தைப் பார்த்து, அடி விழுமா விழாதா என்று கண்டுபிடிக்கப் பார்த்துத் தோற்றுப்போனவள்.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகவிடாமல் ஒரு வெள்ளிக்கிழமை சந்தைக்கு இழுத்துப் போனார். ஒரு கடாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "நாலுக்குக் கீழ எவன் வந்தாலும் கைய உருவிக்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஒருவர் வந்தார். பெரிய மீசை. என் கையைப் பிடித்தார், துண்டைப் போட்டார், மூன்று விரலைப் பிடித்தார். உருவ வேண்டும் என்று எனக்குத் தெரியும். பயத்தில் கை வரவில்லை. அவர் என்னையே பார்த்தார். நான் கடாவைப் பார்த்தேன். விலை முடிந்துவிட்டது.

நைனா திரும்பி வந்து, கடாவை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அவிழ்த்த கயிற்றாலேயே ஆரம்பித்தார். சந்தை முழுக்க வட்டமாக நின்று பார்த்தது. கயிறு போதாமல் கையால் ஒன்று விட்டார், உள்ளங்கையைக் குழித்து, இடது காதின் மேல். உள்ளே ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. அந்தக் காதில் நான் கடைசியாகக் கேட்ட சத்தம் அதுதான். பிறகு மாதக்கணக்கில் சீழ் வடிந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்தான். வாத்தியார் சொல்வது பாதிதான் விழுந்தது. நின்றுவிட்டேன்.

இந்த நைனாவுக்குத்தான் மூளை மங்கியது. சாப்பிட்டதை மறந்தார், என்னை மறந்தார், அடிக்க மட்டும் மறக்கவில்லை. என் மனைவி சோறு ஊட்டப் போனவள், முக்காலியால் நெற்றியில் அடி வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவாசியில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். இப்போது போன் செய்து வரச் சொல்லிக் கேட்டேன். "தழும்பு மறஞ்சிபோச்சின்னு நெனச்சிக்கினியா?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

திண்டிவனம் ரோட்டில் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. என்னால் கொடுக்க முடிகிற பணம். ஆபீசில் இருந்த பெண் முதல் கேள்வியாக, "அடிப்பாரா சார்?" என்றாள். இல்லை என்றேன். காலையில் விட்டுவிட்டு வந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போன் வந்தது. ஓடினேன். வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. நைனா அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அடிக்கிற கேஸ் நாங்க எடுக்கறதில்ல சார். நீங்க பொய் சொல்லிட்டீங்க" என்றாள் அந்தப் பெண். அடிக்கிற கேஸையும் எடுக்கிற இடம் சென்னையில் இருந்தது. அவர்கள் கேட்டதற்கு என் முழுச் சம்பளத்தோடு இன்னொருவன் சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். விழுப்புரத்து ஏஜென்சி என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டது. ஆறு நாள் போயிற்று.

ஏழாம் நாள் எதிர்வீட்டு அம்மா ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். மேல்மலையனூர் பக்கத்துக் கிராமம், ஐம்பது வயது. களை எடுக்கப் போகிறவள். அமாவாசைக்குக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் விற்பாள். கட்டிலருகே வந்து நின்று, வாங்கப் போகும் வீட்டைப் பார்ப்பது போல நைனாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அமாவாசைக்கு ரெண்டு நாள் வரமாட்டேன். அந்த ரெண்டு நாளும் எதிர்வூட்டக்கா பாத்துக்கறேன்னு சொல்லிக்கீறாங்க. அப்புறம், அவரு அடிச்சா நானும் அடிப்பேன். முன்னாடியே சொல்லிட்டேன். கேமராவுல பாத்துட்டு அங்கேர்ந்து குத்தம் சொல்லக் கூடாது."

"அடிக்காம இருக்க முடியாதாக்கா?"

"ஒன் ஒதடு ஏன் தம்பி வீங்கிக்கீது?"

அன்றைக்கே சேர்ந்துகொள்ளச் சொன்னேன்.

முதல் நாளே நைனா அவள் தாடையைப் பிடித்தார். கட்டைவிரலால் உதட்டைக் கீழே இழுத்துப் பல்லைப் பார்த்தார். ஆட்டுக்கு வயது பல்லில்தான் தெரியும்.

"கெழடு" என்றார். "கறி வேவாது."

"நான் கடா இல்ல பெருசு. கைய எடு." அவர் கையில் ஒன்று போட்டாள். "எனக்குக் கறி வேவலன்னா ஒனக்கு எலும்பே வேவாது."

ஆனால் சிரிக்கிற மாதிரி போனது அந்த ஒரு வேளைதான். நாலு நாளில் அவள் கண்ணாடி வளையல்கள் எல்லாம் உடைந்தன. மணிக்கட்டில் கீறல். ரப்பர் வளையல் மாட்டிக்கொண்டு வந்தாள். சோற்றுத் தட்டு இரண்டு தடவை சுவரில் அடித்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்தார், அவள் அவர் கையை முறுக்கி விடுவித்தாள், நான் நடுவே போய் இரண்டு பக்கமும் வாங்கினேன். சாப்பாடு ஊட்டினால் சும்மா இருந்தார். வேட்டி மாற்றினால் முனகினார். கையைத் துடைத்தால், நகம் வெட்டினால், விரலிடுக்கில் மருந்து தடவினால் பேய் வந்த மாதிரி ஆனார். "கட்டாத, கட்டாத." சாயங்காலம் அவள் பையை எடுக்கும்போதெல்லாம் நாளைக்கு வரமாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். நாளைக்கும் வருவாள்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்தே ரோட்டில் சந்தைக்குப் போகிற வண்டிகள், வண்டி நிறைய ஆடுகளின் கத்தல். நைனா தலையைத் தூக்கித் தூக்கிக் கேட்டார். குளிக்க உட்கார வைத்தோம். நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் தேய்த்து முடித்து, துண்டை அவர் கை மேல் போட்டு, விரலிடுக்கில் சேற்றுப்புண் மாதிரி இருந்த இடத்தைத் துடைக்க இரண்டு விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"கட்டாத!"

கையை இழுத்தார். அவள் விடவில்லை. "ரெண்டு நிமிசம் இரு பெருசு..."

பித்தளைச் சொம்பு அவர் பக்கத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. அது அவள் புருவத்தில் இறங்கிய சத்தம்தான் கேட்டது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்து, கன்னத்தில் இறங்கி, சோப்பு நுரையில் சொட்டியது. சொம்பு மறுபடியும் மேலே போனது. நான் அவர் கழுத்தைப் பிடித்தேன். என் வலது கை தானாகப் போனது. உள்ளங்கை தானாகக் குழிந்தது. இடது காதின் மேல் விட்டேன்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

சொம்பு உருண்டு போய் வாசற்படியில் முட்டி நின்றது. இன்னொன்று விடக் கை ஓங்கியிருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

"வுடு தம்பி, செத்துருவாரு!" புருவத்தைப் பொத்திக்கொண்டே அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். அம்மா படித்துத் தோற்ற அதே முகம். பிறகு கீழே கிடந்த ஈரத்துண்டை எடுத்தார். என் கையைப் பிடித்து, இரண்டு கைகளின் மேலும் துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்குள் அவர் விரல்கள் என் விரல்களைத் தேடின. நாலைப் பிடித்தன. அழுத்தின.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டாதே இல்லை. கட்டாது. விலை கட்டாது, கட்டுப்படியாகாது.

இத்தனை மாதமாக அந்த விழுப்புரத்து ஆளும், அப்புறம் இவளும், அவர் கை மேல் துண்டைப் போட்டு, ஒரு விரலையோ இரண்டு விரலையோ பிடித்திருக்கிறார்கள். கட்டாது என்று சொல்லிக் கையை உருவப் பார்த்திருக்கிறார். உருவ விடவில்லை. சந்தையில் கையை உருவ விடாதவனைச் சும்மா விடமாட்டார்கள். செல்லில் கேட்ட ஒற்றைக் காதுக்கு அது கெஞ்சலாகக் கேட்டது. நைனா யாரிடமும் கெஞ்சியதில்லை என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

துண்டுக்குள் கையைப் புரட்டி, அவர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஓட்டிக்கினு போ" என்றார். கையைத் துடைக்க நீட்டினார்.

"இன்னா தம்பி பண்ண? மந்திரமா?"

சொன்னேன். அவள் ரத்தம் வழிய வழியக் கேட்டாள்.

"அடப்பாவி மனுசா! அப்ப நான் தெனம் ஆட்ட ரெண்டுக்குக் கேட்டுக்கினு இருந்தேனா? அத சொல்லித் தொலையக் கூடாது?"

ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னாள்.

அன்று பகல் முழுக்க நான் நைனாவின் இடது பக்கம் பின்னால் நின்றுகொண்டு விரலைச் சொடுக்கினேன். ஸ்பூனால் தம்ளரில் தட்டினேன். திரும்பவில்லை. "நைனா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "இன்னாடா?" என்று திரும்பினார். காது தப்பித்தது. சொடுக்குக்கும் ஸ்பூனுக்கும் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போல. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். இருந்தும் மறுநாள் இன்னும் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

விழுப்புரத்து ஆளுக்குப் போன் செய்தேன். எடுத்தான். நீ கட்டவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது, மன்னித்துக்கொள் என்றேன். "தழும்பு இங்கதான் இருக்குது. வந்து அதுங்கிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டான்.

பதின்மூன்றாம் நாள் அவள் சம்பளம் பேசினாள். தையல் போட்ட புருவத்தோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எதிர்வீட்டு அம்மா முதலில் சொன்னதைவிடக் கூடுதலாகக் கேட்டாள். நியாயம்தான். ஆனால் எனக்கு மனசுக்குள் பயம் ஓட ஆரம்பித்தது. அவ்வளவையும் அனுப்பினால் மஸ்கட்டில் நான் என்ன தின்பது, வந்தவாசிக்கு என்ன அனுப்புவது.

"கட்டாதுக்கா" என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நைனா திரும்பினார்.

"இன்னா கட்டாது?"

அவள் கட்டிலை விட்டு எழுந்து நின்றாள்.

"இன்னா கட்டாதுன்னு கேக்குறன் இல்ல. துண்டக் கொண்டா."

அவள் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முதுகு அப்படி நேராகி நான் பார்த்து வருஷங்கள் ஆயிற்று. என்னைக் கிட்டே இழுத்தார். உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார். கன்னத்தைத் தட்டினார். பிறகு என் இடது காதைப் பிடித்துத் திருப்பினார், மடலை மடித்து உள்ளே பார்த்தார். அவளைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தக் காது ஊனம். முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். என் காதின் கதை அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் கையைத் துண்டுக்குள் பிடித்தார், அவள் விலையை வாங்கினார். பிறகு என் கை. எங்கள் கைகள் மேல் துண்டு விழுந்தது. நான் அவர் இரண்டு விரலைப் பிடித்தேன். தள்ளினார். மூன்று. தள்ளினார். பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, பின்பக்கமாக வளைக்க ஆரம்பித்தார். கிழவருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. முகத்தில் எதுவும் இல்லை. வலி தோள் வரை ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரலுக்குள் என்னவோ முறியும் சத்தம் துண்டைத் தாண்டிக் கேட்டது.

"ஐயோ பெருசு, வுடு! நான் கொறச்சிக்கறேன், வுடு!"

"நீ சும்மா இரு" என்றார் நைனா அவளிடம். "அவன் உருவட்டும்."

நான் கையை உருவவில்லை. அவள் கேட்ட விலைக்கு முடிந்தது.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவளைப் பார்த்து, "ஓட்டிக்கினு போ" என்றார்.

"யார ஓட்டிக்கினு போறது? ஒன்னயா, ஒன் புள்ளயவா?" என்று கேட்டுக்கொண்டே அவள் என் விரலுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனாள். நைனா என் பக்கம் உள்ளங்கையை நீட்டினார். தரகு கேட்டார். சட்டைப் பையில் இருந்ததை வைத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காலையில் மேசை முன்னால் நின்றேன். விரல் மடங்கவில்லை. மீதி விரல்களால் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்துச் செல்லை எடுத்தேன். அவள் துண்டோடு கட்டிலருகே போய்க்கொண்டிருந்தாள். பெட்டியை முதலில் நிமிர்த்தி வைத்தேன். அப்புறம் பார்த்தேன்.